பாட்டை மாற்றினோம், நேரம் தப்பியது: திருகோணமலைப் பண்பலை வானொலி ஒன்றின் நான்கு வடிவங்கள்

பின்னணி

2013 முதல் 2023 வரை திருகோணமலை நகரில் இயங்கிய ஒரு சிறிய தமிழ்ப் பாடல் வானொலியைப் பற்றிய பதிவு இது. நிலையத்தின் பெயரும் ஆட்களின் பெயர்களும் இதில் இல்லை. நிகழ்ச்சிப் பொறுப்பு என்னிடம் இருந்தது. கீழே வரும் பிழைகளில் பாதிக்குமேல் என்னுடையவை.

அனுமதிப்பத்திரம் கொழும்பிலுள்ள ஒரு நிறுவனத்தினுடையது. அவர்களுடைய அலைவரிசையை உள்ளூரில் நடத்தும் பொறுப்பு மட்டும் எங்களிடம். கலையகம் மத்திய வீதிக்குப் பின்னால் ஒரு மாடி அறை. சுவர் முழுக்க முட்டைத் தட்டு ஒட்டியிருந்தோம். வெளிச்சத்தத்தை அது தடுக்காது, அறைக்குள் எதிரொலிப்பதைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். கீழே ஓட்டோ ஹோர்ன் அடித்தால் அதுவும் சேர்ந்தே ஒலிபரப்பாகும். நேயர்கள் ஒருநாளும் அதைக் குறையாகச் சொன்னதில்லை.

பண்பலை அலை நேர்கோட்டில் போவது. தரையிலிருந்து 36 மீற்றர் உயரத்தில் அன்ரனா இருந்தால், தடையில்லாத இடத்தில் ஏறக்குறைய 25 கிலோமீற்றர் வரை எட்டும் என்பது கணக்கு. எங்களுக்கு முன்னால் கொட்டியாரக் குடா. தண்ணீருக்கு மேலே மறைப்பு ஏதும் இல்லாததால், தரைவழியே சுற்றிப் போகவேண்டிய மூதூரிலும் சம்பூரிலும் எங்கள் குரல் பக்கத்து வீட்டுக்காரன் பேசுவதுபோலக் கேட்டது. கிண்ணியா, தம்பலகாமம், நிலாவெளி எல்லாம் நல்ல எல்லைக்குள். குச்சவெளியில் இரைச்சல். கந்தளாயில் மழைநாள் ஒருமாதிரி, வெயில்நாள் இன்னொரு மாதிரி. இந்த எல்லைக்குள் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மூன்று சமூகத்தவரும் இருக்கிறார்கள். நாங்கள் தமிழில் ஒலிபரப்பியதால் முதல் இரண்டு சமூகமும் எங்கள் நேயர்கள்.

நாடு முழுவதும் கேட்கும் தனியார் தமிழ் வானொலிகள் 1998 முதலே வந்துவிட்டன. கொழும்பிலிருந்து வந்த அந்தக் குரல்களோடு பாட்டில் போட்டிபோட எங்களால் முடியாது என்பது தொடக்கத்திலேயே தெரியும். தெரிந்துகொண்டே பிறகு போட்டிபோடப் போனோம்.

முதல் வடிவம்: எல்லாம் கலந்தது (2013–2015)

முதல் இரண்டரை வருடம் நிலையத்துக்கு வடிவம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை. எங்களில் மூத்த அறிவிப்பாளர் இலங்கை வானொலி வர்த்தக சேவையைக் கேட்டு வளர்ந்தவர். காலையில் 'பொங்கும் பூம்புனல்' ஒலிக்காத வீட்டில் தேத்தண்ணி கொதிக்காது என்று நம்பிய தலைமுறை. அவர் நினைவிலிருந்ததை அப்படியே ஒரு நாளாக அடுக்கினார்.

அதிகாலையில் பக்திப் பாடல். அதற்குப் பின் சுபஹ் பாங்கு (முஸ்லிம்களின் வைகறைத் தொழுகை அழைப்பு). 5.30க்கு கிறிஸ்தவ கீதங்கள். 6 மணிக்கு பழைய பாடல். 7 மணிக்கு மரண அறிவித்தல், அதற்கு அடுத்ததாகவே பிறந்தநாள் வாழ்த்து. (இந்த இரண்டையும் பக்கத்தில் வைப்பது பொருத்தமா என்று கொழும்பிலிருந்து வந்த ஒருவர் கேட்டார். உலகத்திலும் அப்படித்தானே நடக்கிறது என்றார் மூத்தவர்.) முற்பகலில் இடைக்காலப் பாடல்கள், 12.30க்கு மறுபடி மரண அறிவித்தல், மாலை 4 மணிக்கு நேயர் விருப்பம், மஃரிப் (அந்தி) பாங்கு, இரவு 8.30க்கு கடைசி அறிவித்தல், அதன்பின் மெல்லிசை. ஈழத்து மெல்லிசைப் பாடல்களும் பொப் பாடல்களும் நாளுக்கு நாலைந்தாவது போகும்.

விளம்பரம் உள்ளூர்க் கடைகளினுடையது. நகைக்கடை, சாறிக்கடை, கொப்பிக்கடை, ஒரு ரியூட்டரி (தனியார் வகுப்பு நிலையம்). பெரிய காசு இல்லை. மரண அறிவித்தலுக்குக் கட்டணம் வாங்கினோம். மாதக் கடைசியில் மின்கட்டணத்தைக் கட்டுவதற்கு அதுதான் கை கொடுத்தது.

மரண அறிவித்தலில் ஒரு முறைமை இருந்தது. வீட்டார் எழுதிக்கொண்டு வரவேண்டும், கொண்டுவருபவரின் அடையாள அட்டை இலக்கத்தைக் குறித்துக்கொள்வோம், வீட்டுத் தொலைபேசிக்கு நாங்களே திருப்பி எடுத்துக் கேட்போம். தொடங்கிய வருடத்தில் யாரோ ஒருவர் உயிரோடிருந்த மனிதருக்குத் தொலைபேசியில் அறிவித்தல் கொடுத்து, நாங்கள் அதை வாசித்தும்விட்டோம். அவர் மறுநாள் நேரில் வந்து மாடிப்படியில் நின்றார். அதற்குப் பிறகுதான் இந்த முறைமை வந்தது.

மாற்றத்துக்கு முன் நாங்கள் பார்த்தவை

2015 கடைசியில் கொழும்பு நிறுவனம் கணக்குப் பார்த்தது. சோப்பு, பால்மா, தொலைபேசி நிறுவனங்களின் விளம்பரம் எங்களுக்கு வரவில்லை. அந்த விளம்பரங்களை வாங்கிக் கொடுக்கும் இடைநிலை நிறுவனங்கள் கேட்டது ஒரே கேள்வி: உங்கள் நேயருக்கு என்ன வயது? எங்களிடம் பதில் இல்லை. எங்களிடம் இருந்தது முகநூல் பக்கமும் நேயர் விருப்பத்துக்கு வந்த அழைப்புகளும்தான். முகநூலில் எழுதியவர்கள் எல்லாரும் இளைஞர்கள். புதுப்பாட்டுத்தான் கேட்டார்கள்.

இந்த இரண்டையும் வைத்து, எங்கள் நேயர் இளைஞர் என்று முடிவெடுத்தோம். அந்தக் கூட்டத்தில் நானும் தலையாட்டினேன். தையற்கடையில், பேக்கரியில், வள்ளத்தில் இருப்பவர் முகநூலில் எழுதமாட்டார் என்பது அப்போது உறைக்கவில்லை.

இரண்டாம் வடிவம்: புதுப்பாட்டு மட்டும் (2016 ஜனவரி முதல்)

வடிவத்தைக் கொழும்பு எழுதி அனுப்பியது. நாற்பது பாட்டு கொண்ட பட்டியல், வாரத்துக்கு நாலைந்து மாறும். அதில் பத்து 'பலமான' பாட்டு, ஒவ்வொரு மணியிலும் நாலு இடம் அவற்றுக்கு. அறிவிப்பாளர் இரண்டு பாட்டுக்கு ஒருமுறை, இருபது வினாடிக்குள் பேசவேண்டும். மரண அறிவித்தல் நிறுத்தம். அது பாட்டு வானொலியின் மனநிலையைக் கெடுக்கிறது என்பது காரணம். பக்திப் பாடல் அரை மணியாகக் குறைந்தது. பாங்கு கொழும்பிலிருந்து இணைப்பில் வரும்.

இந்த நாற்பது பாட்டு முறை அமெரிக்காவில் 1950களில் உருவானது. ஒமாஹா நகரத்தில் வானொலி நடத்திய ரொட் ஸ்ரோர்ஸ் என்பவரின் பெயரோடு அது சேர்த்துப் பேசப்படும். காசு போட்டுப் பாட்டுக் கேட்கும் பெட்டியில் சனம் திரும்பத் திரும்ப ஒரே பாட்டையே போடுவதைப் பார்த்து, வானொலியிலும் அப்படியே செய்யலாம் என்று எடுத்த முடிவு. அங்கே அது வென்றதற்கு ஒரு காரணம், கேட்பவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் போய்விடுவார் என்பது. காரில் ஏறி வேலைக்குப் போகிற அரை மணிக்குள் அவருக்குப் பிடித்த பாட்டு வந்தாகவேண்டும்.

எங்கள் ஊருக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கவேண்டும். தமிழ்ச் சினிமாப் பாட்டு ஒன்று நாலரை, ஐந்து நிமிடம். விளம்பரம் போக ஒரு மணிக்குப் பதினொரு பாட்டுப் போகும். அதில் நாலு இடத்தைப் பத்துப் பாட்டுக்குப் பகிர்ந்தால், ஒவ்வொன்றும் இரண்டரை மணிக்கு ஒருமுறை திரும்பி வரும். ஓட்டோவில் ஏறி ஆஸ்பத்திரியில் இறங்குபவர் அதை அதிகபட்சம் ஒருமுறை கேட்பார். காலை எட்டு மணிக்குக் கடை திறந்து மாலை ஆறுக்குப் பூட்டும் தையற்காரர் நாலுமுறை கேட்பார். ஒரு வாரத்தில் எத்தனை முறை என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். எங்கள் சனத்தில் பெரும்பாலானோர் கடை, பட்டறை, அடுப்படி என்று ஒரே இடத்தில் இருந்து நாள்முழுக்கக் கேட்பவர்கள்.

என்ன நடந்தது

முதல் மாதம் அழைப்புகள் கூடின. கொழும்பு வாழ்த்துச் சொன்னது. மூன்றாம் மாதம் நகைக்கடைக்காரர் விளம்பரத்தை நிறுத்தினார். காரணம் கேட்டதற்கு, 'கடையில பெடியள் றேடியோவை மாத்திப்போட்டாங்கள் தம்பி, எங்கட விளம்பரத்தை நாங்களே கேக்கிறேல்லை' என்றார்.

இரண்டு சம்பவங்களைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

முதலாவது தையற்கடை. என்.சி. வீதிப் பக்கம் ஒரு வயதான தையற்காரர். அவருடைய வானொலிப் பெட்டியில் அலைவரிசை திருகும் குமிழ் உடைந்து எப்போதோ போய்விட்டது. ஊசி எங்கள் இடத்தில் நிற்கும்படி காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்ரர் துண்டு ஒன்றை ஒட்டிவைத்திருந்தார். வேறு நிலையம் கேட்க அவருக்கு வழியே இல்லை. எங்களுக்குப் பெருமையான கதை, விருந்தினர் வந்தால் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுவோம். 2016 ஏப்ரலில் ஒரு காற்சட்டையைச் சுருக்கக் கொடுக்கப் போனேன். பெட்டி அப்படியே இருந்தது, பிளாஸ்ரரும் இருந்தது. மேலே ஒரு துணித்துண்டு மூடிக் கிடந்தது. சத்தம் இல்லை.

'பழுதோ ஐயா?'

'பழுதில்லை. பாட்டும் நல்லாத்தான் கிடக்கு. ஆனா நேரம் தெரியேல்லை தம்பி. முந்தி செத்தவீட்டு அறிவித்தல் முடிஞ்சா கடை திறக்க வெளிக்கிடுவன், மத்தியான அறிவித்தலோட சாப்பாடு. இப்ப எப்ப கேட்டாலும் ஒரே மாதிரிக் கிடக்கு.'

சுவரில் மணிக்கூடு இருந்தது. அதைக் காட்டினேன். 'அதைப் பாக்கிறதெண்டா தலையை நிமித்த வேணுமே' என்றார், தைத்துக்கொண்டே.

இரண்டாவது, கிண்ணியாவிலிருந்து வந்த அழைப்பு. 2016இல் நோன்பு ஜூன் மாதம். மூன்றாம் நோன்பன்று ஒரு நானா (முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் சொல்) கலையகத்துக்கு எடுத்துக் கடுமையாகப் பேசினார். எங்கள் பாங்கைக் கேட்டுச் சஹர் சாப்பாட்டை (வைகறைப் பாங்குக்குள் முடிக்கவேண்டிய நோன்புச் சாப்பாடு) முடிப்பவர்கள் பிந்தி முடிக்கிறார்கள், பள்ளிவாசல் பாங்கு முந்தியே சொல்லியாயிற்று என்றார். முதலில் அவருடைய மணிக்கூடு பிழை என்று நினைத்தோம். பிறகு தொழில்நுட்பவியலாளர் தம்பி வரைபடத்தை எடுத்து விளக்கினார். திருகோணமலை கொழும்பைவிட ஏறக்குறைய 1.4 பாகை கிழக்கே இருக்கிறது. ஒரு பாகைக்கு நாலு நிமிடம். ஆகவே எங்களுக்குச் சூரியன் சராசரியாக ஐந்தரை நிமிடம் முந்தி. நாங்கள் வடக்கேயும் தள்ளி இருப்பதால், ஜூன் மாத வைகறையில் இந்த வித்தியாசம் இன்னும் கூடும். கொழும்புப் பாங்கை இணைப்பில் எடுத்துப்போட்ட அன்றே எங்கள் ஒலிபரப்பு பிந்தத் தொடங்கிவிட்டது. நோன்பு திறப்பது சில நிமிடம் பிந்தினால் பெரிய குறை இல்லை. வைகறையில் பிந்துவது குறைதான். அன்றிரவே இணைப்பை வெட்டி, உள்ளூர் நேரப்படி நாங்களே போட்டோம். கொழும்புக்கு மறுநாள்தான் சொன்னோம்.

அந்த நானாவும் தையற்கார ஐயாவும் ஒரே முறைப்பாட்டைத்தான் சொன்னார்கள் என்பது எனக்கு விளங்க இன்னும் ஒன்றரை வருடம் பிடித்தது.

மூன்றாம் வடிவம்: பழைய பாட்டு மட்டும் (2017 நடுப்பகுதி முதல்)

வருமானம் விழுந்ததும் கொழும்பு எங்களிடமே முடிவை விட்டது. நாங்கள் எதிர்ப்பக்கம் ஓடினோம். புதுப்பாட்டால் கெட்டது என்றால் பழைய பாட்டால் திருந்தும் என்பது எங்கள் தர்க்கம். இளையராஜா 1976இல் வந்தார். அவருக்கு முந்தியது காலையில், அவருடைய முதல் பதினைந்து வருடம் பகல் முழுக்க, 1992 முதல் வந்தது எதுவும் இல்லை என்று ஒரு கோடு கிழித்தோம். ரகுமானைக் கோட்டுக்கு வெளியே நிறுத்தியதற்கு அறிவிப்பாளர் தங்கச்சி இரண்டுநாள் பேசாமல் இருந்தார்.

அழைப்புகள் கொட்டின. மாலை நேயர் விருப்பத்தில் தொலைபேசி ஓயவில்லை. நாங்கள் வென்றுவிட்டதாக நினைத்தோம். விளம்பரம் மட்டும் வரவில்லை. அழைப்பு இப்படிக் கூடியும் கடைக்காரர் ஏன் திரும்பவில்லை என்பது புதிராக இருந்தது.

சீ.ஆர். கொப்பி

நேயர் விருப்ப அழைப்புகளை ஒரு தடித்த சீ.ஆர். கொப்பியில் எழுதுவது வழக்கம். நேரம், பெயர், ஊர், பாட்டு, யாருக்காக என்று ஐந்து நிரல். 2018 ஜனவரியில் மழை. வாடைக்காற்றில் கோபுரத்துக் கேபிள் பழுதாகி மூன்றுநாள் ஒலிபரப்பு இல்லை. செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் அந்தக் கொப்பிகளை எடுத்து வாசித்தேன். சிவப்புப் பேனையால் ஒரே பெயர்களுக்கு அடியில் கோடு போட்டேன்.

கடைசி நான்கு மாதப் பக்கங்கள் சிவந்துபோயின. இருபது, இருபத்தைந்து பேர்தான் திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். சிலர் ஒரே நாளில் இரண்டு ஊர்ப் பெயரில். ஒரு அக்கா தன் மூன்று பிள்ளைகளின் பெயரிலும் எடுத்திருந்தார். எங்களுக்கு அவர்களைத் தெரியும், நல்ல மனிதர்கள். ஆனால் 2016இல் முகநூலில் எழுதிய பெடியளை வைத்து ஒரு நிலையத்தை மாற்றினோம், 2017இல் இந்த இருபத்தைந்து பேரை வைத்து மாற்றினோம். எடுக்காதவரைப் பற்றி எங்களிடம் ஒரு வரி எழுத்தும் இல்லை.

அதே மூன்றுநாளில் இன்னொன்றும் நடந்தது. ஒலிபரப்பு நின்றதற்காக எடுத்தவர்கள் யாரென்று பார்த்தேன். நேயர் விருப்பக்காரர் ஒருவரும் இல்லை. பாலையூற்றிலிருந்து ஒரு பேக்கரி, திருக்கடலூரில் ஒரு சம்மாட்டி (மீன்பிடி வள்ளத்துச் சொந்தக்காரர்), மூதூரில் ஒரு ஆசிரியை. மூவரும் கேட்டது பாட்டைப் பற்றி இல்லை. காலை பக்திப் பாடல் வரவில்லையே, அதை வைத்துத்தான் பாண் போறணையைத் திறக்கிறோம் என்றது பேக்கரி. வள்ளம் தள்ளும் நேரத்துக்குப் பெடியளை எழுப்ப அதுதான் என்றார் சம்மாட்டி. பிள்ளைகளை வான் ஏற்றுவதற்குப் பிறந்தநாள் வாழ்த்து முடியவேண்டும் என்றார் ஆசிரியை. மூன்று வடிவத்திலும் காலையில் நாங்கள் நேரம் மாற்றாமல் விட்ட இரண்டே இரண்டு சங்கதி அந்தப் பக்திப் பாடலும் பிறந்தநாள் வாழ்த்தும்தான். அவற்றை விட்டுவைத்ததற்கும் காரணம் இல்லை, மறந்துவிட்டோம்.

நான்காம் வடிவம்: மணிக்கூடு (2018 பெப்ரவரி முதல்)

எந்தப் பாட்டு என்ற கேள்வியைப் பின்னுக்குத் தள்ளினோம். எந்த நேரத்தில் என்ன அசையாமல் நிற்கவேண்டும் என்று முதலில் குறித்தோம். அதிகாலை பக்திப் பாடல், உள்ளூர் நேரப்படி பாங்கு, 7, 12.30, 8.30க்கு மரண அறிவித்தல், 7.10க்குப் பிறந்தநாள், 4 மணிக்கு நேயர் விருப்பம். இந்த முளைகளை அடித்தபின் இடையில் பாட்டைக் கட்டினோம். பழையது, புதியது, உள்ளூர்ப் பாடல் எல்லாம் கலந்து. ஒரே பாட்டு ஒருநாளில் இரண்டுமுறை வரக்கூடாது என்பதே ஒரே விதி. பட்டியல் நாற்பதிலிருந்து ஆயிரத்தைத் தாண்டியது.

மரண அறிவித்தலைத் திரும்பக் கொண்டுவந்தபோது ஒரு மாற்றம் செய்யவேண்டியிருந்தது. '…பிறப்பிடமாகவும் …வசிப்பிடமாகவும் கொண்ட' என்று தொடங்கி 'உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்' என்று முடியும் அந்த வாசகம் இந்த மூன்று நேரத்தில் ஒன்று வரும்வரை காத்து நிற்கலாம், தகனம் பெரும்பாலும் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோதான். ஜனாஸா (முஸ்லிம்களின் நல்லடக்கம்) அப்படிக் காத்திருக்காது. காலை பத்துமணிக்கு மௌத்தானவரை 12.30வரை வைத்து அறிவித்தால், குடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் உறவுக்குப் புறப்பட நேரம் போதாது. ஆகவே ஜனாஸா அறிவித்தல் வந்த உடனே, ஓடுகிற பாட்டு முடிந்ததும் வாசிப்பது என்று வைத்தோம். முதல் வடிவத்தில் இந்த யோசனை எங்களுக்கு வரவேயில்லை. கிண்ணியாவிலிருந்து அறிவித்தல் குறைவாக வந்ததற்கு அதுதான் காரணமாக இருந்திருக்கவேண்டும்.

தொழில்நுட்பத்தில் ஒரே ஒரு முடிவு. ஸ்ரீரியோவை (இடம், வலம் என்று பிரிந்த ஒலி) நிறுத்தி மோனோவுக்கு (ஒற்றை ஒலி) போனோம். சமிக்ஞை மெலிந்த இடத்தில் ஸ்ரீரியோதான் இரைச்சலைக் கூட்டுவது. கடையிலும் வள்ளத்திலும் இருப்பது ஒரு ஸ்பீக்கர் பெட்டி. அறிவிப்பாளர் பெடியன் ஒருவன், இசைக்குச் செய்கிற துரோகம் என்றான். குச்சவெளிக்குப் போய் மாறிமாறிக் கேட்டுவிட்டு வந்தபின் பேசவில்லை.

தையற்கடையில் துணித்துண்டு எடுபட்டது. எப்போது என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் போகும்போது பெட்டி பாடிக்கொண்டிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. நகைக்கடை திரும்பியது, ரியூட்டரி திரும்பவில்லை. பெரிய நிறுவன விளம்பரம் கடைசிவரை வரவில்லை. இளைஞர்களும் திரும்பவில்லை. அவர்கள் பாட்டுக்குத் தொலைபேசியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள், அந்தத் தொலைபேசிகளில் பண்பலைக்கு அன்ரனாவாக வேலைசெய்த இயர்போன் வயரும் ஒவ்வொன்றாக இல்லாமற் போனது. இந்த இழப்பை எந்த வடிவத்தாலும் நிறுத்தியிருக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை.

2019 முதல் 2022 வரை

2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பின் அரசாங்கம் சமூக வலைத்தளங்களைத் தற்காலிகமாக முடக்கியது. இரவில் ஊரடங்கு. எங்கள் அதிகாலை ஒழுங்கில் பக்திப் பாடல், பாங்கு, கீதம் மூன்றும் அடுத்தடுத்து இருந்தன. அந்த வாரம் பாங்கை நிறுத்தச் சொல்லி எடுத்தவர்களும் இருந்தார்கள், கீதத்தை மட்டும் நீட்டச் சொன்னவர்களும் இருந்தார்கள். எதையும் மாற்றவில்லை. துணிவு என்று சொல்லமாட்டேன். நேரத்தை அசைப்பதில்லை என்று ஒருமுறை முடிவெடுத்திருந்ததால் புதிதாக யோசிக்கவேண்டி வரவில்லை.

2020 மார்ச் 20இல் தொடங்கிய ஊரடங்கில் ஒழுங்கு இன்னும் இறுகியது. எந்த வட்டாரத்துக்கு மரக்கறி லொறி எத்தனை மணிக்கு, எந்தப் பாமசி திறப்பது என்பதை 12.30 அறிவித்தலோடு சேர்த்தோம். செத்தவீட்டு அறிவித்தலின் கடைசி வரியை முதன்முறையாக மாற்றவேண்டி வந்தது: தயவுசெய்து நேரில் வருவதைத் தவிர்க்கவும். மூத்த அறிவிப்பாளர் அதை வாசிக்க மாட்டேன் என்றார். நான் வாசித்தேன்.

2022 எங்களை முறித்தது. மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரம் வரை போனது. ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை. நேயரிடம் பற்றரி போட்ட பெட்டி இருந்தது, எங்களிடம் மின்சாரம் இல்லை. கிடைத்த டீசலை எந்த மணிகளுக்குச் செலவழிப்பது என்று உட்கார்ந்தபோது விவாதமே எழவில்லை. அதிகாலை, ஏழு மணி, பன்னிரண்டரை, இரவு எட்டரை. பாட்டு வானொலி ஒன்று தன் பாட்டு மணிகளையெல்லாம் முதலில் வெட்டியது. பிறகு யோசித்துப் பார்த்தால் எங்கள் வடிவம் என்ன என்பதற்கு அந்த டீசல் கணக்கைவிடத் தெளிவான பதில் எதுவும் இல்லை.

விளைவு

2023 நடுப்பகுதியில் கொழும்பு நிறுவனம் அலைவரிசையைத் திருப்பி எடுத்தது. இப்போது அதே இடத்தில் அவர்களுடைய தேசிய ஒலிபரப்பு கேட்கிறது. அவர்கள் பக்கத்தில் நியாயம் இருந்தது. உள்ளூர்க் கலையகம் ஒருநாளும் தன் செலவைத் தானே முழுதாக ஈட்டவில்லை. ஆறு பேரில் இருவர் கொழும்பு போனார்கள், ஒருவர் கட்டார். மூத்தவர் வீட்டில்.

மிச்சம் இருவர் இணையத்தில் ஒரு ஒலிபரப்பைத் தொடங்கினோம். மரண அறிவித்தல்கள் வட்ஸ்அப் குழுவில் குரல் பதிவாகப் போகின்றன, வாசகம் அதேதான்.

மறுபடி செய்வதானால்

வடிவத்தை மாற்றுமுன் எடுக்காதவரைத் தேடிப் போயிருப்பேன். பெரிய ஆய்வு வேண்டாம். ஒருநாள் காலை மத்திய வீதியிலிருந்து மீன்கடை வரை நடந்து, எந்தக் கடையில் எந்த நிலையம் பாடுகிறது என்று எழுதினாலே போதும். 2018இல்தான் அதைச் செய்யத் தொடங்கினோம், மாதம் ஒருமுறை. ஒரு மணி நேர வேலை.

மாற்றவேண்டியதை ஒரேயடியாக மாற்றியிருக்கமாட்டேன். 2016 ஜனவரியில் பாட்டு, பேச்சு, அறிவித்தல், பாங்கு எல்லாம் ஒரே திங்கட்கிழமையில் மாறியது. எது யாரை விரட்டியது என்று பிரித்தறிய வழி இல்லாமற் போனது. அறிவித்தலை வைத்துக்கொண்டு பாட்டை மட்டும் மாற்றியிருந்தால் நாற்பது பாட்டு முறைகூட ஓரளவு தாக்குப்பிடித்திருக்கும் என்று இப்போதும் ஒரு எண்ணம் உண்டு. மூத்த அறிவிப்பாளர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

கொழும்போடு செய்த ஒப்பந்தத்தில், எந்த நேரங்களை உள்ளூர் அணியைக் கேட்காமல் தொடக்கூடாது என்று எழுதி வாங்கியிருப்பேன். காசைப் பற்றி மட்டும் எழுதினோம்.

இணைய ஒலிபரப்பில் புதுச்சிக்கல் ஒன்று. கலையகத்தில் பேசுவது நேயரின் தொலைபேசிக்குப் போக நாற்பது வினாடி வரை பிந்துகிறது. ஒருவருக்குப் பத்து வினாடி, இன்னொருவருக்கு நாற்பது. எல்லாருக்கும் ஒரே அளவில் பிந்தினால் முந்திப்போட்டுச் சரிசெய்யலாம், ஆளுக்காள் மாறுவதால் முடியாது. சஹர் நேரத்தில் நாற்பது வினாடி விளையாட்டில்லை. ஆகவே பாங்கை நிறுத்தியிருக்கிறோம், கிண்ணியாவுக்கு அதை நாங்களே நேரில் போய்ச் சொன்னோம். அறிவிப்பாளர் தங்கச்சிக்கும் சொல்லியிருக்கிறேன், காலை வணக்கம் சொல்லலாம், பாட்டின் பெயர் சொல்லலாம், நேரம் மட்டும் சொல்லவேண்டாம் என்று. பழக்கதோஷத்தில் அவர் இன்னும் 'இப்போது நேரம்' என்று தொடங்கிவிட்டு நிறுத்துகிறார்.